பானட்டில் ஒரு காலதர்

அக்கா மகன் கூரியர் பெட்டியிலிருந்து வெட்டிய அட்டையை மடித்து, செல்லோடேப் ஒட்டி, ஹெரால்டின் பானட் மேல் வைத்தான். இரண்டடி பின்னால் போய்த் தலையைச் சாய்த்துப் பார்த்தான். பிறகு இன்னும் இரண்டடி. பெண் பார்க்கப் போன வீட்டில்கூட அவன் இவ்வளவு கவனமாகப் பார்த்ததில்லை.

"இங்க ஒரு ஸ்கூப் வெச்சா எப்படி இருக்கும் மாமா?"

அட்டையில் யாருடைய விலாசமோ பாதி தெரிந்தது. வாயைப் பிளந்த தவளை மாதிரி இருக்கிறது என்றேன். "அதேதான் மாமா, அந்த லுக்தான் வேணும்" என்றான்.

வண்டி 1969-ஆம் வருடத்து ஸ்டாண்டர்ட் ஹெரால்ட், மார்க் 3. திருச்சியில் ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஒருவரிடம் நான் வாங்கியது. என் முழங்கால் கிளட்சோடு சண்டை போடத் தொடங்கிய பிறகு அவன்தான் ஓட்டுகிறான். சாவி அவனிடம், ஆர்.சி. புத்தகம் என் பெயரில். எங்கள் தகராறு முழுவதும் இந்த ஒரு வாக்கியத்துக்குள் அடங்கிவிடும்.

பானட்டை வெட்டுவது என்று அவன் சொன்னதும் எனக்கு வயிற்றில் ஏதோ செய்தது. உடனே மறுத்துவிடவில்லை. மறுப்பதற்குக் காரணம் தேட ஆரம்பித்தேன். தேடிக்கொண்டே போனதில் வேறெங்கெங்கோ போய்விட்டேன்.

ஹெரால்டைப் பார்க்காத தலைமுறைக்குக் கொஞ்சம் சொல்ல வேண்டும். 1959-இல் இங்கிலாந்தின் காவன்ட்ரியில் பிறந்த டிரையம்ஃப் ஹெரால்டுக்கு உருவம் வரைந்தவர் இத்தாலிக்காரரான ஜொவான்னி மிக்கெலோட்டி. 1961 முதல் அது சென்னையில், வண்டலூர்ப் பக்கம் இருந்த ஸ்டாண்டர்ட் மோட்டார் ப்ராடக்ட்ஸ் தொழிற்சாலையில் தயாரானது. அம்பாசிடர் கல்கத்தாக்காரன், ஃபியட் பம்பாய்க்காரன், ஹெரால்ட் நம்ம ஊர்ப் பிள்ளை. இங்கிலாந்து ஹெரால்ட் காருக்கு இரண்டே கதவுகள். இங்கே குடும்பம் குடும்பமாக ஏறுகிறவர்களுக்கு அது போதவில்லை. மார்க் 3-இல் நான்கு கதவு வைத்தார்கள். நான்கு கதவு ஹெரால்ட் உலகத்தில் வேறெங்கும் கிடையாது. ஆக, இந்த வண்டி பிறக்கும்போதே திருத்தி எழுதப்பட்டதுதான். இதை நான் அக்கா மகனிடம் சொல்லவில்லை. அவனுக்குச் சாதகமான சாட்சியத்தை நானே ஏன் எடுத்துக் கொடுக்க வேண்டும்?

இதன் பானட்தான் விசேஷம். மற்ற கார்களில் பானட் என்றால் ஒரு மூடி. ஹெரால்டில் மூக்கு, இரண்டு பக்க மட்கார்டு, விளக்குகள் எல்லாம் சேர்ந்து ஒரே துண்டு. பக்கவாட்டுக் கொக்கிகளை விடுவித்துத் தூக்கினால் முகமே முன்னால் கவிழ்ந்துவிடும். எஞ்சின், முன் சஸ்பென்ஷன், ரேடியேட்டர் எல்லாம் வெட்டவெளியில். முன் டயர் மேல் உட்கார்ந்துகொண்டே பிளக் கழற்றலாம். நான் உட்கார்ந்திருக்கிறேன், தட்டில் இட்லியோடு.

இப்படி ஒரு அமைப்பு வந்ததற்குப் பின்னால் ஒரு வியாபாரக் கதை உண்டு. அதுவரை உடற்கூடு செய்து கொடுத்துக்கொண்டிருந்த ஃபிஷர் அண்ட் லட்லோ என்ற கம்பெனியை 1953-இல் பி.எம்.சி. வாங்கிவிட்டது. பி.எம்.சி. போட்டியாளர். முழுக் கூட்டையும் ஒரே இடத்தில் செய்து வாங்க, ஹெரால்டைச் செய்த ஸ்டாண்டர்ட் டிரையம்ஃப் கம்பெனிக்கு வழியில்லை. அதனால் பழைய பாணியில் தனி சேஸிஸ் போட்டு, உடம்பைத் துண்டு துண்டாகப் பல இடங்களில் செய்து வாங்கி, போல்ட் போட்டு முடுக்கிவிட்டார்கள். கையறு நிலையில் பிறந்த யோசனை. ஆனால் கழற்றக்கூடிய முகம் என்பது எத்தனை பெரிய சௌகரியம் என்று எனக்கு அப்போது உறைக்கவில்லை.

ஸ்கூப் என்ற சொல்லுக்கு வருவோம். ஐஸ்கிரீம் கடைக்காரருக்கு ஒரு அர்த்தம், பத்திரிகைக்காரருக்கு வேறு அர்த்தம். காரில் அது பானட்டின் மேல் எழும்பி நிற்கும் ஒரு வாய். எதிர்க்காற்றை முகந்து உள்ளே அனுப்புவதற்கு. முகவை என்று சொல்லிப் பார்த்தேன், தண்ணீர் சேந்துவது போல இருந்தது. பழந்தமிழில் ஜன்னலுக்குக் காலதர் என்று ஒரு பெயர் உண்டு. கால் என்றால் காற்று, அதர் என்றால் வழி. ஜன்னலை வெளிச்சத்துக்கான கண்ணாகப் பார்க்காமல் காற்று நடந்து வரும் பாதையாகப் பார்த்த சொல். ஸ்கூப்புக்கு இதைவிடப் பொருத்தமாக எதுவும் எனக்குக் கிடைக்கவில்லை. "காலதர் வெக்கிறோம்னு சொன்னா டிங்கர் ஓடிடுவார் மாமா" என்றான் அவன்.

சரி, இந்தக் காலதர் வழியாக எவ்வளவு கால் உள்ளே போக வேண்டும்? ஒரு ஞாயிற்றுக்கிழமை பேப்பர், பென்சிலோடு உட்கார்ந்தேன். ஹெரால்டின் எஞ்சின் 948 சி.சி. இரண்டு சுற்றுக்கு ஒருமுறை அவ்வளவு காற்றை இழுக்கும். நிமிடத்துக்கு 4000 சுற்று என்று வைத்து, சிலிண்டர் எப்போதும் முழுதாக நிரம்பாது என்பதற்கு ஐந்தில் ஒரு பங்கைக் கழித்தால், வினாடிக்குச் சுமார் 25 லிட்டர் காற்று. வண்டி 80 கிலோமீட்டர் வேகத்தில் போகிறது என்றால் காற்று வினாடிக்கு 22 மீட்டர் வேகத்தில் வந்து மோதும். அந்த வேகத்தில் 25 லிட்டரை உள்ளே விட எவ்வளவு பெரிய ஓட்டை வேண்டும்? 11 சதுர சென்டிமீட்டர். குறுக்களவு நாலு சென்டிமீட்டர்கூட இல்லாத ஒரு வட்டம். நம் காபி டம்ளரின் வாயில் பாதி.

இவன் அட்டையில் வெட்டி வைத்த வாயில் ஒரு பூனைக்குட்டி படுத்துத் தூங்கலாம்.

அடுத்த கணக்கு இன்னும் மோசம். எதிர்க்காற்று அழுத்தத்தோடு உள்ளே புகுந்து எஞ்சினுக்குக் கூடுதல் தெம்பு தரும் என்பதுதான் ஸ்கூப்பைப் பற்றிய பொது நம்பிக்கை. 80 கிலோமீட்டர் வேகத்தில் அந்த அழுத்தம் வளிமண்டல அழுத்தத்தில் 0.3 சதவீதம். வேகம் இரட்டித்தால் அழுத்தம் நான்கு மடங்காகும் என்பது உண்மை. ஆனால் ஹெரால்ட் 160 கிலோமீட்டர் வேகத்தில் போக வேண்டுமானால் அதை விமானத்திலிருந்து தள்ளிவிட வேண்டும். இந்த எஞ்சினின் திறன் சுமார் 35 குதிரை. அதில் 0.3 சதவீதம் என்பது பத்தில் ஒரு குதிரை. குதிரை என்று சொல்வதே தப்பு, ஆட்டுக்குட்டி.

பேப்பரை அவனிடம் நீட்டினேன். படித்துவிட்டு, "கூலிங்?" என்றான்.

அங்கேதான் அவன் பக்கம் நியாயம் இருந்தது. மூடிய பானட்டுக்குள் காற்று 65 டிகிரி சூட்டில் இருக்கிறது, வெளியே 35 என்று வைத்துக்கொள்வோம். உள்ளே இருக்கும் காற்று வெளிக்காற்றைவிட ஏறக்குறைய 9 சதவீதம் நீர்த்துப்போனது. அதைக் குடிக்கும் எஞ்சின் சோர்ந்துதான் போகும். வெளிக்காற்றைக் கொடுத்தால் ஒன்றரைக் குதிரையாவது திரும்பக் கிடைக்கும். மே மாதத்தில் பழைய கார் ஓட்டியவர்களுக்கு இந்தக் கணக்கெல்லாம் தேவையில்லை. கத்திரி வெயிலில் சிக்னலில் நின்றால் பெட்ரோல் பம்புக்குள்ளேயே ஆவியாகிவிடும். வண்டி இருமும், நிற்கும். டிரைவர் இறங்கி, பம்பின் மேல் ஈரத்துணியைச் சுற்றி, வாட்டர் பாட்டிலை அதன்மேல் கவிழ்ப்பார். காய்ச்சல்காரன் நெற்றியில் பத்துப் போடுவது மாதிரி. என் ஹெரால்டின் டிக்கியில் இன்றைக்கும் அந்தத் துணி இருக்கிறது. பழைய வேட்டிக் கிழிசல்.

ஆனால் கார்புரேட்டருக்குக் குளிர்ந்த காற்று வேண்டும் என்றால் பானட்டை வெட்டவே வேண்டாம். முன் கிரில்லுக்குப் பின்னாலிருந்து ஒரு வளையும் ஹோஸ் பைப்பை ஏர் ஃபில்டர் வரைக்கும் இழுத்துவிட்டால் போதும். சில நூறு ரூபாய்தான் ஆகும். எங்கள் மெக்கானிக் இதை மிகச் சாதாரணமாகச் சொன்னார். அக்கா மகன் முகம் விழுந்துவிட்டது.

"அது வெளிய தெரியாதே."

இவ்வளவு நேர்மையான பதிலை நான் எதிர்பார்க்கவில்லை. அமெரிக்காவின் கார் நகரமான டெட்ராய்ட்டே அந்தப் பதிலைச் சொல்லாமல் பல பத்தாண்டுகள் சுற்றிச் சுற்றி வந்தது.

ஸ்கூப்பின் பூர்வீகம் விமானம். இரண்டாம் உலகப் போரின் பி-51 மஸ்டாங் விமானத்தின் வயிற்றில் தொங்கிய காற்றுவாயைப் படத்திலாவது பார்த்திருப்பீர்கள். அந்த வாயின் மேலுதடு வயிற்றோடு ஒட்டாமல் கொஞ்சம் இறங்கி நிற்கும். உடம்பை ஒட்டி ஓடும் காற்று மந்தமானது, அதை விட்டுவிட்டுச் சுறுசுறுப்பான காற்றை மட்டும் பிடிப்பதற்காக. போர் முடிந்ததும் விமானத்தின் அங்கங்கள் ஒவ்வொன்றாகக் காருக்கு வந்தன. வால் வந்தது, மூக்கு வந்தது, ஓட்டைகளும் வந்தன. பியூக் கம்பெனியின் வடிவமைப்பாளர் நெட் நிக்கிள்ஸ் தன்னுடைய சொந்த 1948 ரோட்மாஸ்டரின் பானட் பக்கவாட்டில் வட்ட ஓட்டைகள் போட்டு, உள்ளே விளக்கு வைத்து, எஞ்சின் பற்றவைப்புக்கு ஏற்ப அது மினுக்கும்படி செய்தார். போர் விமானத்தின் புகைபோக்கியில் தீ கக்குவது போல. பியூக் தலைவர் ஹார்லோ கர்ட்டிஸுக்கு அது பிடித்துப்போய், 1949 மாடல்களில் ஓட்டைகள் வந்துவிட்டன. விளக்கு வரவில்லை. விளக்கில்லாத அந்த ஓட்டைகள்தான் பிறகு பியூக்கின் அடையாளமே ஆயின. நான் நிக்கிள்ஸைக் குறை சொல்ல மாட்டேன். தன் வீட்டு வண்டியில்தான் அவர் ஓட்டை போட்டார்.

1964-இல் பான்டியாக் ஜிடிஓ வந்தது. பானட்டில் இரண்டு ஸ்கூப். இரண்டும் பொய். அடியில் மூடிய தகடு, ஒரு சொட்டுக் காற்று போகாது. 1965-இல் இரண்டையும் ஒன்றாக்கிப் பெரிதாக வைத்தார்கள், அதுவும் மூடியே வந்தது. அந்த வருடம் ஒரு வேடிக்கை நடந்தது. ஸ்கூப்பைத் திறந்து கார்புரேட்டரோடு இணைத்துக்கொள்வதற்கான சாமான்களை விற்பனையாளர்கள் மூலம் தனியாக விற்க ஆரம்பித்தார்கள். முதலில் வாயை விற்றார்கள், பிறகு தொண்டையை விற்றார்கள்.

இதற்கு நேர்மாறான கதை அதே பான்டியாக்கின் டிரான்ஸ் ஆம் காருடையது. 1970-இல் வந்த மாடலில் ஸ்கூப் எஞ்சின் மேலேயே பொருத்தப்பட்டு, பானட்டில் வெட்டிய ஓட்டை வழியாக வெளியே தலைநீட்டும். எஞ்சின் குலுங்கினால் அதுவும் குலுங்கும், அதனால் ஷேக்கர் என்று பெயர். வாய் முன்னால் பார்க்காது. பின்னால், முன்கண்ணாடியைப் பார்த்து இருக்கும். முதலில் பார்ப்பவர்களுக்குத் தப்பாக மாட்டிவிட்டார்களோ என்று தோன்றும். காரணம் பின்னால் சொல்கிறேன். 1973-இல் வண்டிச் சத்தத்துக்கான கட்டுப்பாடுகளால் அந்த வாயை அடைத்துவிட்டார்கள். ஷேக்கர் மட்டும் அப்படியே நின்றது, குலுங்கிக்கொண்டு, மூச்சு விடாமல். பிறகு வாங்கியவர்களில் பலர் வீட்டு வாசலில் வைத்துத் தாங்களே அந்த அடைப்பை வெட்டித் திறந்துகொண்டார்கள்.

ஆஸ்திரேலியாவில் ஃபோர்டு ஃபால்கன் எக்ஸ்ஒய் ஜிடி காருக்கும் ஷேக்கர்தான் கிரீடம். அதன் உச்சமான ஜிடி-எச்ஓ ஃபேஸ் 3 வண்டியில் ஆலன் மொஃபாட் 1971 பாத்தர்ஸ்ட் பந்தயத்தை வென்றார். அசல் ஃபேஸ் 3 ஒன்று ஏலத்தில் பத்து லட்சம் ஆஸ்திரேலிய டாலரைத் தாண்டிப் போயிருக்கிறது. விளைவு, பால் வாங்கப் போய்க்கொண்டிருந்த சாதாரண ஃபால்கன்களின் பானட்டும் வெட்டப்பட்டது. அசலைப் போல ஆக்குவதற்காக இன்னொரு அசலை வெட்டுகிறார்கள். வெட்டுப்பட்டது ஒரு குடும்பத்தின் எளிய கார், அதற்கு ஏலத்தில் விலையில்லை, அதனால் அதற்காக யாரும் அழுவதில்லை.

ஹெரால்டின் சொந்தக்காரர்களைப் பார்த்தால் வேறு மாதிரிக் கதை. இதே சேஸிஸைச் சுருக்கித்தான் ஸ்பிட்ஃபயர் செய்தார்கள். அதற்குக் கூரை போட்டு, இரண்டு லிட்டர் ஆறு சிலிண்டர் எஞ்சினைத் திணித்து 1966-இல் ஜிடி6 ஆக்கியபோது எஞ்சின் பானட்டுக்குள் அடங்கவில்லை. நடுவில் ஒரு புடைப்பை எழுப்பினார்கள். எம்ஜிசி காரில் இது இன்னும் அழகு. எம்ஜிபியின் மெலிந்த உடம்புக்குள் மூன்று லிட்டர் எஞ்சினை வைத்ததில் பானட் அகலமாகப் புடைத்தது. அப்படியும் கார்புரேட்டர் இடித்தது. அந்த ஒரு இடத்துக்கு மட்டும் கண்ணீர்த்துளி போலத் தனியாக இன்னொரு சின்னப் புடைப்பு. ஒரு பக்கமாக, சமச்சீர் இல்லாமல். அதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குச் சட்டைப்பையில் கொய்யாக்காயை மறைத்துக்கொண்டு நிற்கும் பையன் நினைவுக்கு வருகிறான். உள்ளே எதுவோ இருக்கிறது, அதனால் வெளியே தெரிகிறது. அதற்குமேல் அந்தப் புடைப்பு எதுவும் சொல்வதில்லை.

நான் புடைப்புக் கட்சி. இதைச் சொன்னதும் அவன், "அப்போ முதல்ல ஆறு சிலிண்டர் வாங்கிக் குடுங்க" என்றான்.

இதற்கிடையில் எனக்குச் சோழவரம் நினைவு வந்தது. உலகப் போர்க் காலத்து விமான ஓடுதளத்தில் மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் நடத்திய பந்தயங்கள். இருங்காட்டுக்கோட்டைப் பந்தயத்தடம் வருவதற்கு முன்னால் நமக்கு அதுதான் பந்தயம். கல்லூரி நாளில் பஸ் பிடித்துப் போய், வெயிலில் கருகி, தொண்டை வறளக் கத்திவிட்டு வருவோம். அங்கே வந்த ஃபியட்டுகளில் சிலவற்றின் பானட் பின்பக்கம் ஒரு இஞ்ச் தூக்கி நிற்கும். கீலுக்கு அடியில் வாஷர் வைத்து உயர்த்தியிருப்பார்கள். சூடு வெளியே போவதற்கு என்று பக்கத்தில் நின்றவர் விளக்கினார். நானும் நாற்பது வருடமாக அதைப் பலருக்கு விளக்கிக்கொண்டிருந்தேன்.

அது பாதிதான் சரி என்பதைப் பத்து ரூபாய்க் கம்பளி நூல் காட்டிக் கொடுத்தது.

காற்று பானட் மேல் எப்படிப் போகிறது என்று பார்க்கப் பழைய, மலிவான, ஏமாற்றாத முறை ஒன்று உண்டு. விரல் நீள நூல் துண்டுகளை வரிசையாக டேப் வைத்து ஒட்டி, வண்டியை ஓட்டி, பக்கத்து வண்டியிலிருந்து படம் பிடிப்பது. ஒரு விடிகாலை கிழக்குக் கடற்கரைச் சாலையில் போனோம். ஹெரால்ட் முகமெல்லாம் சிவப்பு நூல் ஒட்டி, மஞ்சள் நீராட்டுக்குப் போகும் பெண்போல இருந்தது. டோல்கேட்டில் இருந்த பையன் என்ன சார் வேண்டுதலா என்று கேட்டான். அக்கா மகனின் நண்பன் பைக்கின் பின்னால் உட்கார்ந்து செல்போனில் படம் எடுத்தான்.

வீட்டுக்கு வந்து பார்த்தோம். மூக்கு வளையும் இடத்தில் நூல்கள் தகட்டைவிட்டு எழும்பித் துடித்தன. நடு பானட்டில் எண்ணெய் வைத்து வாரியது போலப் படிந்து பின்னோக்கிக் கிடந்தன. முன்கண்ணாடியின் காலடியில்தான் அதிசயம். அங்கே நூல்கள் குழம்பின. சில பக்கவாட்டில் திரும்பின, சில முன்னோக்கியே மடிந்து வண்டி போகும் திசையைக் காட்டின. கண்ணாடியில் மோதிய காற்று மேலே ஏறும் முன் அங்கே தேங்கிச் சுருண்டு நிற்கிறது. அழுத்தம் கூடிய இடம் அதுதான். டிரான்ஸ் ஆம் ஸ்கூப் ஏன் முதுகைக் காட்டி நின்றது என்பதற்கு விடை அங்கே இருந்தது. சோழவரத்து வாஷர்களின் கதையும் அங்கேயே முடிந்தது. வண்டி நிற்கும்போது அந்த இடுக்கு வழியாகச் சூடு வெளியேறும். வேகமாக ஓடும்போது காற்று அதே இடுக்கு வழியாக உள்ளேதான் போகும்.

அவன் அட்டையை வைத்த இடம் நடு பானட், படிந்து கிடக்கும் இடம். வைத்திருந்தாலும் பெரிதாக ஒன்றும் கிடைத்திருக்காது. அவன் ஒன்றும் பேசவில்லை. படத்தைத் திரும்பத் திரும்ப ஓட்டிப் பார்த்தான். அன்றுதான் எனக்கு அவன் மேல் கொஞ்சம் நம்பிக்கை வந்தது. வெட்டுவதற்கு முன்னால் வண்டியிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கிறான் இல்லையா.

என் மறுப்பில் இருந்த சுயநலத்தையும் சொல்லிவிட வேண்டும். 2021 ஜூலையில் மத்திய அரசு பழம்பெரும் வண்டிகளுக்கென்று மோட்டார் வாகன விதிகளில் தனிப் பிரிவு கொண்டுவந்தது. முதல் பதிவிலிருந்து ஐம்பது வருடம் தாண்டிய, அசல் வடிவத்தில் இருக்கிற, சேஸிஸ், கூடு, எஞ்சினில் பெரிய மாற்றம் செய்யாத சொந்த வண்டியை வின்டேஜ் என்று பதியலாம். விரும்பினால்தான், கட்டாயமில்லை. புதுப் பதிவு எண் வாங்கினால் நம்பர் பிளேட்டில் வி.ஏ. என்ற எழுத்துகள் வரும். எனக்கு அந்த இரண்டெழுத்தின் மேல் ஆசை. ஓய்வுபெற்றவனுக்குப் பட்டம் மாதிரி. பானட்டில் ஓட்டை விழுந்தால் ஆசையும் அதன் வழியே போய்விடும்.

விதியை முழுக்கப் படித்த பிறகு ஆசை கொஞ்சம் தணிந்தது. வி.ஏ. எழுத்து வாங்கிய வண்டியைத் தினப்படிக்கு ஓட்டக் கூடாது. கண்காட்சி, வின்டேஜ் ஊர்வலம், பராமரிப்பு, பெட்ரோல் போடுவது, இப்படிச் சில காரியங்களுக்குத்தான் ரோட்டுக்கு வரலாம். பெட்ரோல் போடப் போகலாம், போட்ட பெட்ரோலில் திருவான்மியூர் மார்க்கெட்டுக்குக் கத்தரிக்காய் வாங்கப் போகக் கூடாது. நான் வண்டியை நிறுத்திவைக்க ஆசைப்பட்டிருக்கிறேன், அவன் ஓட்ட ஆசைப்படுகிறான். எதிர்க்காற்றுக்கு வாய் திறப்பவன் ஓடத்தானே நினைக்கிறான்?

டிங்கர் கடைக்குப் போனோம். அறுபதைத் தாண்டியவர். காது லேசாக மந்தம், சுத்தியல் சத்தம் வாங்கிய காது. வண்டியைச் சுற்றி வந்தார். எதுவும் கேட்காமல் ஆள்காட்டி விரலை மடக்கிப் பானட்டைத் தட்டிக்கொண்டே போனார். டங், டங், டங். இடது விளக்குக்கு மேலே வந்ததும் டொக். பையிலிருந்து சின்னக் காந்தத்தை எடுத்து வைத்தார். ஒட்டாமல் வழுக்கி விழுந்தது.

"இங்க ஒரு பெரிய அடி வாங்கியிருக்கு சார். அரை இஞ்சுக்குப் பட்டி போட்டிருக்கான். நல்ல வேலைக்காரன்தான், கண்டுபிடிக்க முடியாது."

இருபத்து சொச்சம் வருடம் நான் துடைத்துத் துடைத்துக் காப்பாற்றிய அசல் முகத்தில் கால்வாசி பட்டி. தலைமையாசிரியர் எங்கே மோதினாரோ. அவருக்கு முன்னால் யாரோ. அக்கா மகன் என்னைப் பார்க்காமல் வேறு பக்கம் திரும்பிக்கொண்டான், சிரிப்பை மறைக்க.

ஸ்கூப் பற்றிச் சொன்னோம். "போடலாம், ஒண்ணும் பிரச்சினையில்ல" என்றவர், என் முகத்தைப் பார்த்துவிட்டு, "ஆனா காது குத்தினா தூர்ந்துபோகும் சார், தகரம் தூராது" என்றார். பிறகு அவரே வழியும் சொன்னார். முகம்தான் தனியாகக் கழலுமே, இதைக் கழற்றிப் பரண்மேல் போடுங்கள், வேறொரு பானட் கிடைத்தால் அதில் என்ன வேண்டுமானாலும் செய்துகொள்ளலாம். காவன்ட்ரியில் அறுபது வருடங்களுக்கு முன் கூடு செய்து தர ஆளில்லாமல் போட்ட போல்ட்டுகள், எங்கள் வீட்டுச் சண்டையை விலக்கிவிட வந்தவை போல இருந்தன.

புதுப்பேட்டையில் சொல்லி வைத்து, ஐந்து மாதம் கழித்து ஒன்று கிடைத்தது. விளிம்பெல்லாம் துரு, ஒரு விளக்குக் குழியில் குளவிக் கூடு. டெம்போவில் ஏற்றி வந்தோம்.

வேலை மூன்று வாரம். வெட்டுவதைவிட எங்கே வெட்டக் கூடாது என்பதுதான் பெரிய வேலை. உட்பக்கம் ஓடும் தாங்கு சட்டங்களைச் சாக்பீஸால் வெளியே வரைந்துகொண்டார். அதைத் தொட்டால் பானட் அப்பளமாக ஆடும். நான்கு மூலையிலும் முதலில் வட்டமாகத் துளை போட்டு, பிறகுதான் அவற்றை வெட்டி இணைத்தார். கூர்மூலை விட்டால் அங்கிருந்து விரிசல் ஓடும். வெட்டிய விளிம்பை மேல்நோக்கி ஒரு சென்டிமீட்டர் மடக்கினார், மழைத்தண்ணீர் நேராக உள்ளே இறங்காமல் இருக்க. அக்கா மகன் ஃபைபரில் ரெடிமேடாகக் கிடைக்கிறது என்று போனில் காட்டினான். பெரியவர் பார்க்கவே இல்லை. ஃபைபரும் இரும்பும் வெயிலில் ஒரே அளவு விரியாது, சேரும் இடத்தில் பட்டி பூசி மறைத்தால் ஒரே கோடையில் மயிரிழைக் கோடு தெரியும் என்றார். தகட்டிலேயே தட்டினார். மரக்கொட்டாப்புளியால் மணல் மூட்டைமேல் வைத்துத் தட்டித் தட்டி ஒரு தட்டையான தகடு மெதுவாக முதுகு வளைவதைப் பார்த்துக்கொண்டே நான் இரண்டு மதியச் சாப்பாட்டைத் தவறவிட்டேன். வெல்டிங்கைத் தொடர்ச்சியாக இழுக்காமல் இங்கே ஒரு புள்ளி, எதிர்ப்பக்கம் ஒரு புள்ளி, நடுவே ஈரத்துணி. ஒரே இடத்தில் சூடு ஏறினால் மெல்லிய தகடு அலை அலையாக நெளிந்துவிடும். இங்கேயும் ஈரத்துணி என்று நினைத்துக்கொண்டேன்.

வாய் பின்னால் பார்க்கிறது, முன்கண்ணாடிக்கு நேராக. உயரம் நான்கு விரல்தான், அக்கா மகனின் தவளையில் மூன்றில் ஒரு பங்கு. உள்ளே ஏர் ஃபில்டருக்கு மேல் தடித்த ரப்பர் வளையம். பானட்டை மூடினால் ஸ்கூப்பின் அடிப்பாகம் அதன்மேல் அமர்ந்து அமுங்கும், வெளிக்காற்றில் பெரும்பகுதி வேறெங்கும் சிதறாது. ஓரத்தில் தண்ணீர் வடிய இரண்டு பொடித் துளைகள். முதல் ஐப்பசி மழையில் ஒரு துளை அடைத்துக்கொண்டு ஃபில்டர் நனைந்தது, வண்டி கத்திப்பாராவில் நின்றது. துளையைப் பெரிதாக்கினோம்.

ஆட்டுக்குட்டி கிடைத்ததா என்று கேட்பீர்கள். மே மாதம் சிக்னலில் இருமல் குறைந்திருக்கிறது. நின்றிருக்கும்போது ஸ்கூப் வாயிலிருந்து கானல் எழுந்து கண்ணாடியில் நெளிகிறது, அடுப்பு மேல் காற்று நெளிவது போல. பம்பு ஈரத்துணியைக் கேட்கவில்லை. கிரில்லிலிருந்து ஹோஸ் பைப் இழுத்திருந்தால் பம்பு கேட்டிருக்குமா என்று மெக்கானிக்கிடம் நான் விசாரிக்கவில்லை. வெட்டுப்படாத முகம் பரணில் கிடக்கிறது, கால்வாசிப் பட்டியோடு, பழைய போர்வை போர்த்தி. வி.ஏ. மனுவை இன்னும் எழுதவில்லை.

வெட்டி எடுத்த தகட்டைப் பெரியவர் எறியவில்லை. விளிம்பை அரத்தால் ராவி, கை கிழிக்காதபடி மழுக்கி, காகிதத்தில் சுற்றிக் கொடுத்தார். நீள்சதுரம், உள்ளங்கை அகலம். குறுக்கே பார்த்தால் பெயின்ட் அடுக்குகள் தெரிகின்றன. மேலே கருநீலம், கீழே பழுப்பு வெள்ளை, அதற்கும் கீழே ஒரு பச்சை, அடியில் செங்காவி. யாருடைய பச்சை என்று தெரியாது. அது இப்போது என் மேஜையில் கிடக்கிறது. காலையில் காபியை அதன்மேல்தான் வைக்கிறேன், டம்ளரின் வட்டம் கருநீலத்தில் பதிந்திருக்கிறது.